இருபதாயிரம் ரூபாய் பவுன்சர் வாங்கலாமா? மதுரை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரை அண்ணா நகரில் இரண்டாம் மாடி வாடகை வீடு. இரண்டு படுக்கையறை, வழுவழுப்பான டைல்ஸ் தரை, லிஃப்ட் கிடையாது. கணவர் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வீடு திரும்புவார். மனைவிக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. 26 வார மகப்பேறு விடுப்பில் 4 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்தாயிற்று. முதல் குழந்தை பெண். பிறந்த எடை 2.7 கிலோ. பிரசவமும் அதற்குப் பிந்தைய நாட்களும் உசிலம்பட்டியில் தாய் வீட்டில். மூன்று மாதம் முடிந்ததும் மதுரைக்கு அழைத்து வர ஏற்பாடு. விடுப்பு முடிந்தபின் அப்பத்தா வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அவருக்கு மூட்டு வலி. இந்த நிலையில் தாய்மாமன், சுவீடனின் பேபிபியோர்ன் நிறுவனத்தின் பவுன்சரை (குழந்தையைச் சாய்த்துப் படுக்க வைக்கும் துள்ளு இருக்கை) முறைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். விலை 20,000 ரூபாய்.

மதுரையில் இப்போது அடிக்கடி பார்க்கும் குடும்ப அமைப்பை ஒரு மாதிரி வீடாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கணக்குக்கு வசதியாக விலைகளை முழு எண்ணாக வைத்திருக்கிறோம். நீங்கள் விசாரிக்கும் விலையைப் போட்டு இதே கணக்கை உங்கள் வீட்டுக்கும் செய்து பார்க்கலாம்.

பொருளை முதலில் தெரிந்துகொள்வோம். வளைத்த உலோகச் சட்டத்தில் துணியைத் தொங்கலாக மாட்டியிருப்பார்கள். அதில் குழந்தையைச் சாய்த்துப் படுக்க வைத்தால், கால் உதைக்கும்போதெல்லாம் சட்டம் மேலும் கீழும் துள்ளும். பேட்டரியோ மோட்டாரோ கிடையாது. எடை ஏறக்குறைய 2 கிலோ. மடித்தால் தட்டையாகி பீரோவுக்குப் பின்னால் செருகிவிடலாம். உயரத்தை மூன்று நிலைகளில் மாற்றலாம். துணியைக் கழற்றி மெஷினில் துவைக்கலாம்.

உள்ளூர்க் கடைகளில் 2,500 முதல் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும், ராக்கர் எனப்படும் ஆடும் குழந்தை இருக்கைகளின் சட்டம் பெரும்பாலும் குழாய்த் துண்டுகளை ஸ்குரூவும் அழுத்துப் பொத்தானும் கொண்டு இணைத்தது. பழுது ஆரம்பிப்பது இந்த இணைப்புகளில்தான். சில வாரங்களில் ஒரு பக்க இணைப்பு தளர்ந்து இருக்கை அந்தப் பக்கம் சரியும். குழந்தையின் தலையும் அதே பக்கம் சாயும். அதிர்வுப் பெட்டி, பாட்டு, மேலே தொங்கும் பொம்மைகள் ஆகியவை விலையைக் கூட்டுகின்றனவே தவிர இந்தத் தளர்ச்சியைத் தடுப்பதில்லை. விலை உயர்ந்ததில் கூடுதல் பணம் போவது சட்டத்துக்கும், தலை முதல் இடுப்பு வரை சீராகத் தாங்கும் துணியின் வெட்டுக்கும். அந்த வேறுபாடு உண்மையானது. ஆனால் இந்த வீட்டுக்கு அது எத்தனை நாள் பயன்படும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எத்தனை வாரம்?

தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச எடை 3.5 கிலோ. நம் ஊரில் இரண்டரை, இரண்டே முக்கால் கிலோவில் பிறக்கும் குழந்தைகளே அதிகம். பிறந்த எடை முதல் சில நாட்களில் சற்றுக் குறைந்து, பத்துப் பதினான்கு நாட்களில் மீண்டும் பழைய அளவுக்கு வரும். அதன்பின் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும் என்று வைத்தால், 2.7 கிலோ குழந்தை 3.5 கிலோவைத் தொட ஆறு வாரம் ஆகிவிடும். அதற்கு முன் படுக்க வைத்தால் துணி போதிய அளவு தாழாது. உடல் வழுக்கிக் கீழே சரியும். தலை முன்னால் மடங்கும். பச்சைப் பிள்ளையை இப்படிப் போட்டால் உரம் விழுந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். காரணத்தை வேறு விதமாகச் சொன்னாலும், இவ்வளவு சிறிய குழந்தையை வளைந்த இருக்கையில் போடக்கூடாது என்ற அவர்களின் தயக்கம் சரியானது.

மேல் வரம்பு இதைவிட முக்கியம். பெட்டியில் 13 கிலோ, இரண்டு வயது வரை என்று போட்டிருக்கும். தானாக நடந்து, தானாக உட்காரத் தெரிந்த பிள்ளை அதைச் சாதாரண நாற்காலியாகப் பயன்படுத்தும் காலத்துக்கான எண் அது. பவுன்சராகப் பயன்படுத்த வரம்பு 9 கிலோ, அல்லது குழந்தை தானாக உட்காரும் வரை. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதோடு முடிந்தது. உலகச் சுகாதார நிறுவன வளர்ச்சி அட்டவணைப்படி பெண் குழந்தையின் இடைநிலை எடை மூன்று மாதத்தில் 5.8 கிலோ, ஆறு மாதத்தில் 7.3 கிலோ. ஆகவே 9 கிலோவுக்கு முன்பே உட்காரும் முயற்சி வந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் குழந்தை முதுகை நிமிர்த்தி முன்னால் எக்கத் தொடங்கினால் அன்றோடு நிறுத்த வேண்டும். அதற்குமேல் விட்டால் எடை முன்பக்கம் விழுந்து கவிழும்.

நம் வீட்டுக் குழந்தை ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை உசிலம்பட்டியில் இருக்கும். அங்கே அம்மாச்சி, சித்தி, பக்கத்து வீட்டார் என்று பிள்ளையை வாங்கிக்கொள்ள ஆள் நிற்கும். பவுன்சர் பெட்டியைவிட்டே வெளியே வராது. மதுரைக்கு வருவது 12ஆம் வாரம். தாயின் விடுப்பு முடிவது 22ஆம் வாரம். தாய் தனியாக, இரண்டே கையோடு இருக்கும் காலம் அந்த 10 வாரம்தான்.

22ஆம் வாரத்துக்குப் பிறகு அப்பத்தா வருகிறாரே, அவருக்கு உதவாதா என்று கேட்கலாம். பவுன்சரைத் தரையில் மட்டுமே வைக்க வேண்டும். அதில் கிடக்கும் 7 கிலோ குழந்தையை எடுக்க, முட்டி வலிக்காரர் தரைவரை குனிய வேண்டும். நாளுக்கு ஏழெட்டு முறை அப்படிக் குனிய அவரால் ஆகாது. பிறகு என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. பவுன்சர் கட்டில்மேல் ஏறும், சாப்பாட்டு மேசைமேல் ஏறும். துள்ளத் துள்ள ஒவ்வொரு விரற்கடையாக நகர்ந்து விளிம்புக்கு வரும். பவுன்சர் விபத்துகளில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆகவே இந்த வீட்டில் அப்பத்தாவின் காலத்தை பவுன்சர் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவருக்கு உதவுவது இடுப்பு உயரத்தில், நான்கு பக்கமும் கம்பி அடைத்த சமதளக் கட்டில். சிசேரியன் ஆன தாய்க்கும் முதல் வாரங்களில் தரையிலிருந்து தூக்கும் இதே சிரமம் உண்டு.

தூக்கத்துக்கு என்று வாங்காதீர்கள்

"இதில் போட்டால் தூங்கிவிடும்" என்பதைக் கேட்டே பலர் வாங்குகிறார்கள். தூங்கத்தான் செய்யும். சிக்கலும் அங்கேதான். சாய்ந்த நிலையில் தூங்கும் குழந்தையின் தாடை மெல்ல நெஞ்சில் படியும். மெல்லிய மூச்சுக்குழல் மடங்கும். சத்தம் எதுவும் வராமலே மூச்சு அடைபடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், படுக்கை சமதளமாக, உறுதியாக இருக்க வேண்டும், 10 பாகைக்கு மேல் சாய்வு கூடாது என்கிறது. எந்தப் பவுன்சரும் இந்த வரம்புக்குள் வராது. ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் ராக் அண்ட் பிளே என்ற சாய்வுப் படுக்கை, குழந்தைகளின் இறப்புகளுக்குப் பிறகு 2019 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. விற்றிருந்தது 47 லட்சம். 2022இல் அமெரிக்கா அந்த வகைச் சாய்வுப் படுக்கைகளைச் சட்டம் போட்டே தடை செய்தது.

நடைமுறை இதுதான்: கண் சொக்கியதும் தூக்கிச் சமதளப் பாயிலோ கட்டிலிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். எழுந்துவிடுமே என்று தயங்கினால், அந்த வீட்டுக்கு பவுன்சர் ஏற்றதல்ல. இரவில் அதைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

சேலைத் தொட்டிலும் வளைவானதே. சுங்குடிச் சேலையில் கட்டிய தொட்டில் காற்றோட்டமானது, மலிவானது, நம் ஊர்க் குழந்தைகளுக்குப் பழகியது. ஆனால் தாடை நெஞ்சில் படியும் ஆபத்து அதிலும் உண்டு. தொட்டில் கம்பு போட்டு விரித்து, அகலமாகக் கட்டி, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள். தூங்கியதும் இறக்கிப் படுக்க வையுங்கள். கொக்கியில் ஸ்பிரிங் மாட்டியிருந்தால், ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் விழாதபடி தனியாக ஒரு கயிற்றைக் கொக்கியிலிருந்து தொட்டில் வரை கட்ட வேண்டும். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் போகாமல் தாழ்த்திக் கட்டுங்கள்.

கக்குவது குறையும் என்ற நம்பிக்கையிலும் வாங்க வேண்டாம். சாய்ந்து உட்காரும்போது வயிறு மடங்கி அழுத்தம் கூடுகிறது. சில குழந்தைகள் கூடுதலாகவே கக்கும். பால் குடித்ததும் தோளில் சாத்தி இருபது நிமிடம் நிமிர்த்தி வைத்திருந்து, அதன்பிறகே பவுன்சரில் போட வேண்டும். பால் புட்டியைத் துணியால் முட்டுக் கொடுத்து வாயில் வைத்துவிட்டுப் போவது எந்த இருக்கையிலும் ஆகாது.

அப்படியானால் பவுன்சர் எதற்குத்தான்? விழித்திருக்கும் குழந்தை, தாயின் முகம் தெரியும்படி, இருபது நிமிடம் பத்திரமாகக் கிடப்பதற்கு. அந்த இருபது நிமிடத்தில் குளித்துவிட்டு வரலாம், குளியலறைக் கதவைத் திறந்து வைத்து, பிள்ளை கண்ணில் படும்படி. சோறு வடிக்கலாம். சூடாக ஒரு வாய் சாப்பிடலாம். தனியாக இருக்கும் தாய்க்கு இது சிறிய உதவி அல்ல. அதை ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள், ஒற்றைக் கையால் குக்கர் மூடியைத் திறக்கும் பாட்டை அறியாதவர்கள்.

மதுரை வெயிலும் வழுக்குத் தரையும்

சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகையை ஒட்டி நிற்கும். பவுன்சரின் துணி குழந்தையின் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். மின்விசிறிக் காற்று முன்பக்கம்தான் படும். பஞ்சு வைத்துத் தைத்த மெத்தைத் துணியில் பத்து நிமிடத்தில் முதுகும் பிடரியும் நனைந்துவிடும். அடுத்த நாள் வேர்க்குரு. இந்த ஊருக்கு வலைத்துணி வகையே ஏற்றது. வண்ணத்தைப் பார்த்து மெத்தைத் துணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன்மேல் பருத்தித் துண்டு விரிப்பது தவறான வழி. துண்டு வழுக்கும், இடுப்புப் பட்டை சரியாகப் பிடிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையை முதுகுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் எடுத்துவிட வேண்டும். துணியை நிழலில் காய வையுங்கள். மொட்டை மாடி உச்சி வெயிலில் போட்டால் எலாஸ்டிக் சீக்கிரம் தளரும். ஐப்பசி மழையில் வலைத்துணி அரை நாளில் காய்ந்துவிடும். மெத்தைத் துணி மறுநாளும் ஈரமாக இருக்கும்.

டைல்ஸ், கிரானைட் தரையில் அடிப்பாகத்து ரப்பர் பிடிமானம்தான் உயிர். ரப்பரில் தூசியும் எண்ணெயும் படிந்தால் வழுக்கும். வாரம் ஒருமுறை ஈரத் துணியால் துடையுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு கொக்கி, பட்டைகளைத் தொட வேண்டாம். சமையலறைக்குள் வைப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து ஆறடியாவது தள்ளி, தாளிக்கும் எண்ணெய் தெறிக்காத மூலையில் வையுங்கள். பவுன்சர் இருக்கும் அறையில் கொசுவத்திச் சுருள் வேண்டாம்.

கடையில் செய்யும் சோதனை

போகும்போது 5 கிலோ அரிசிப் பை ஒன்றையும் அளவு நாடாவையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தாலும் பரவாயில்லை. பையை இருக்கையின் நடுவில் வைத்துவிட்டு, தரையிலிருந்து இடப்பக்கச் சட்டம் எவ்வளவு உயரம், வலப்பக்கம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். விரற்கடை வித்தியாசம் இருந்தாலே வேண்டாம். கால் பக்கத்தை இருபது முறை அழுத்தி விடுங்கள். இருக்கை இடம் விட்டு நகர்ந்தால் வீட்டில் இன்னும் அதிகமாக நகரும். ஒவ்வொரு உயர நிலையிலும் பூட்டு விழும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பை உள்ளே இருக்கும்போதே பின்சட்டத்தை அசைத்து, பூட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். மடியும் மூட்டுகளில் உங்கள் சுண்டுவிரல் நுழையுமானால், தவழும் குழந்தையின் விரல் நிச்சயம் நசுங்கும்.

பட்டை இரு தொடைகளுக்கு நடுவிலும் இடுப்பைச் சுற்றியும் வர வேண்டும். இடுப்புப் பட்டை மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். குழந்தை கீழே சரிந்து பட்டை கழுத்துக்கு வந்துவிடும். காலியாக இருக்கும்போது தரையில் தொங்கும் நீளப் பட்டைகளும் ஆபத்து. 4மாம்ஸ் நிறுவனத்தின் மாமாரூ ஊஞ்சலை 2022 ஆகஸ்டில் திரும்ப அழைத்ததற்குக் காரணம், அடியில் தொங்கிய பட்டை தவழ்ந்து வந்த குழந்தையின் கழுத்தில் சிக்கி ஒரு குழந்தை இறந்ததே. பவுன்சரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஐரோப்பியத் தரம் இஎன் 12790 அல்லது அமெரிக்கத் தரம் ஏஎஸ்டிஎம் எஃப்2167 என்று இருக்கிறதா பாருங்கள். பொம்மைக் கம்பியைத் தனியாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். அந்தக் கம்பியைப் பிடித்து பவுன்சரைத் தூக்கவே கூடாது. குழந்தை உள்ளே இருக்க எந்த வகையிலும் இடம் மாற்ற வேண்டாம்.

ரூபாய்க் கணக்கு

10 வாரம் என்றால் 70 நாள். நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 70 மணி நேரம். மூன்று தடவைக்கு மேல் போகக்கூடாது. நடமாடாத குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்கு அரை மணியாவது குப்புறப் போட்டு விளையாட விட வேண்டும், கட்டிப்போட்ட நிலையில் ஒரே மூச்சில் ஒரு மணிக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

புதிதாக 20,000க்கு வாங்கி 10,000க்கு விற்றால், கையை விட்டுப் போவது 10,000. நாளுக்கு 143 ரூபாய். உள்ளூர் ராக்கர் 2,800க்கு வாங்கினால், பிறகு விற்க முடியாது என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 40 ரூபாய். அதே சுவீடன் பவுன்சரை நல்ல நிலையில் பழையதாக 9,000க்கு வாங்கி 7,000க்கு விற்றால் போவது 2,000. நாளுக்கு 29 ரூபாய்க்கும் குறைவு. மூன்றில் இதுவே மலிவு, சட்டமும் உறுதி. இந்தக் குடும்பத்துக்கு நம் தீர்ப்பு இதிலிருந்துதான் வருகிறது: புதியது வேண்டாம், மதுரைக்கு வரும் முன் எதுவும் வாங்க வேண்டாம்.

மதுரைக்கு வந்த முதல் வாரம், காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தாய் ஒன்றைக் குறித்துவர வேண்டும்: குழந்தை விழித்திருந்தும், தூக்க ஆள் இல்லாமல், பாயில் விட்டால் அழுதும், வேலை நின்றுபோன நேரங்கள். கோரைப்பாய் மேல் மெல்லிய பருத்தி விரிப்பு போட்டு விட்டாலே பல குழந்தைகள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கால் உதைத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு பவுன்சர் தேவையே இல்லை. நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் குறிப்பு விழுந்தால் பழையதைத் தேடலாம். வாங்குவதற்கு முன், நண்பர் வீட்டுப் பவுன்சரில் குழந்தையை இரண்டு வெவ்வேறு நாட்களில் கிடத்திப் பாருங்கள். சில குழந்தைகளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எந்த விலைக்கும் அதை மாற்ற முடியாது.

தாய்மாமன் மனம் நோக வேண்டாம். அதே பணத்தில் பாதிக்கும் குறைவாக, கம்பி அடைத்த சமதளக் கட்டிலும் உறுதியான மெத்தையும் செய்து தரலாம். ஒன்றரை, இரண்டு வயது வரை தினமும் இரவும் பகலும் அதில் பிள்ளை தூங்கும், அப்பத்தாவும் குனியாமல் எடுப்பார்.

வேறு வீடுகளில் விடை மாறும். இரட்டைப் பிள்ளைகள் என்றால் ஒரு பவுன்சராவது, புதியதேயானாலும், தகும். ஒருவருக்குப் பால் கொடுக்கும்போது மற்றவருக்கு இடம் வேண்டும். தாய் வீட்டுக்குப் போகாமல் முதல் மாதத்திலிருந்தே தனியாக இருப்பவர்களுக்குப் பயன் 16 வாரமாக நீளும். இரண்டு வருடத்துக்குள் அடுத்த குழந்தை என்ற எண்ணம் இருந்தால் ஒரு நாள் செலவு பாதியாகும். மூன்று வயது அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில் இரட்டிப்புக் கவனம் தேவை. அவர்கள் ஆசையாகத்தான் அழுத்துவார்கள், ஆனால் கைக்குழந்தை துள்ளி வெளியே விழும் அளவுக்கு.

பழையது வாங்கும்போது பெட்டி, ரசீது இரண்டையும் கேளுங்கள். அசல்போலவே தோன்றும் நகல்கள் சந்தையில் உண்டு. துணியில் தைத்த லேபிளும் சட்டத்தில் பதித்த மாதிரிப் பெயரும் ஒத்துப்போக வேண்டும். தராசில் வைத்தால் தயாரிப்பாளர் சொல்லும் எடையும் வர வேண்டும். துணியை இரு கையால் இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தொய்ந்து கிடந்தால் குழந்தையின் முதுகும் வளைந்து கிடக்கும். கிழிந்த துணிக்குப் பதில் தையற்காரரிடம் புதிது தைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். துணியின் இழுவை மாறினால் சாய்வும் துள்ளலும் மாறிவிடும். அசல் மாற்றுத் துணியின் விலையை முன்பே விசாரித்து, கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். இணையத்தில் புதிதாக வாங்குபவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிட வேண்டும். துணியைக் கழற்றி மாட்டியபின் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

விற்க நினைப்பவர்கள் பெட்டியையும் செய்முறைத் தாளையும் மெத்தைக்கடியில் பத்திரமாக வையுங்கள். குழந்தை உட்கார முயன்ற வாரமே துணியைத் துவைத்து, நான்கு பக்கமும் படம் எடுத்து, அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். ஒரு வருடம் பரணில் கிடந்தால் எலாஸ்டிக் தளர்ந்து, கிடைக்கும் விலையும் இறங்கிவிடும்.